சட்டை எண் எழுதாத நோட்டு

கொரின் ஹூடாக்குக்கு இருபத்தாறு வயது. ஒஹாயோ ஆற்றங்கரையில் கோர்மன் என்னும் சிற்றூரில், தான் படித்த அதே பள்ளியில் இயற்கணிதம் கற்பித்துவந்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முன்பு கல்லூரிப் படியேறியவர் யாரும் இல்லை. அப்பா யூஜின் உருக்காலை மூடும்வரை அங்கே வேலை பார்த்தார். மூடியபின் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அம்மா, கொரின் ஒன்பதாவது படிக்கும்போதே இண்டியானாவுக்குப் போய் வேறு குடித்தனம் அமைத்துக்கொண்டாள்.

படிப்பு அவளுக்கு ஒரே ஒரு வழியில்தான் வந்தது. கேள்வியைச் சரியாகப் படி, கேட்டதற்கு மட்டும் விடை எழுது, விடைக்குக் கீழே கோடு போடு. இதை யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு வரி எழுதினால் அங்கேதான் தப்பு நுழைகிறது என்று அவளே கண்டுகொண்டாள். உதவித்தொகைத் தேர்விலிருந்து பல்கலைக்கழகத்தின் நான்கு வருடம்வரை அந்தப் பழக்கத்தை வைத்தே ஒப்பேற்றினாள். பட்டத்தோடு திரும்பியபோது அப்பா அதற்குச் சட்டம் போட்டு, சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார். காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். இதை வைத்துக்கொண்டு இங்கே நான் என்ன செய்கிறேன் என்று தோன்றும். பாலை ஊற்றிக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவாள்.

கோர்மனில் ஒருவர் எதற்காவது பயன்பட வேண்டுமென்றால் அது கால்பந்துக்குத்தான் பயன்பட வேண்டும். உதைப்பது குறைந்து, பந்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதும் எறிவதும் மோதிச் சாய்ப்பதுமாக இருக்கும் அமெரிக்கக் கால்பந்து. பந்தைப் பத்து கெஜம் முன்னேற்ற நான்கு வாய்ப்பு, எதிரணியின் எல்லையைத் தொட்டால் ஆறு புள்ளி. மைதான விளக்குக் கம்பங்கள் துருப்பிடித்து ஆபத்தாகிவிட்டதால், மற்ற ஊர்களைப்போல வெள்ளி இரவில் ஆடாமல், கோர்மன் சனிக்கிழமை மதியம் ஆடியது. அன்று மதியம் ஊரில் முடிவெட்டும் கடைகூடத் திறந்திருக்காது.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருட ஆகஸ்டில், பயிற்சியாளர் டென்னிஸ் ஃபால்க் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளிக்காலத்தில் அவளுக்கு வரலாறு எடுத்தவர் அவர். பின்னாலேயே துணைப் பயிற்சியாளர் ஸ்கிப் வந்தான். எரிவாயு சிலிண்டர் கிடங்கில் வேலை முடித்த கையோடு வந்திருந்ததால் சட்டையில் இன்னும் அந்த வாடை.

"ஏம்மா ஹூடாக், நீ கணக்குதானே படிச்ச?"

"ஆமா கோச்."

"எங்க சண்டையத் தீர்த்து வை. இவன் என்னக் கோழைங்கிறான்."

"கோழைன்னு எங்க சொன்னேன்?" என்றான் ஸ்கிப். "பயந்தாங்கொள்ளின்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

சண்டை இதுதான். தடுக்கும்போது கோர்மன் அணிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றுக்குப் பெயர் வேலி. ஆட்கள் பின்வாங்கி ஆளுக்கொரு இடத்தைக் காத்து நிற்பார்கள். எதிரணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும், ஆனால் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது. மற்றதற்குப் பெயர் சுத்தியல். காத்து நிற்க வேண்டியவர்களில் இருவர், பந்து நகர்ந்த கணமே எதிரணியில் பந்தை எறிபவன்மீது பாய்வார்கள். பிடித்துவிட்டால் எதிரணி பின்னுக்குப் போகும். தவறினால் பின்னால் காவல் இல்லை. பந்தோடு எவனாவது எல்லைவரை ஓடிவிடுவான். ஃபால்க்குக்கு வேலிதான் பிடிக்கும். ஸ்கிப்புக்குச் சுத்தியல்.

"எத்தனை தடவை எது எது ஆடினீங்க, எத்தனை கெஜம் விட்டுக்கொடுத்தீங்கன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் கொரின்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீடியோ இருக்கு," என்றார் ஃபால்க்.

அவள் போன வருடத்து வீடியோ முழுவதையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து முடித்தாள். தேவாலயம் விட்டதும் ஃபால்க்கின் வகுப்பறையில், உள்நாட்டுப் போரின் வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தாள். பச்சை அட்டை போட்ட நோட்டில், பந்து நகர்ந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி: எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை கெஜம் தேவை, வேலியா சுத்தியலா, எத்தனை கெஜம் போயிற்று. வேலி இருநூற்றுப் பன்னிரண்டு முறை. சராசரி ஐந்து புள்ளி ஆறு கெஜம். சுத்தியல் அறுபத்தொரு முறை. சராசரி இரண்டு புள்ளி ஒன்பது.

"பாதிதான்!" ஸ்கிப் மேசையில் அடித்தான். "சொன்னேனா இல்லையா?"

"சராசரிய விடு," என்றார் ஃபால்க். "தப்பினா எல்லை வரைக்கும் ஓடுறானே, அது?"

அந்தக் கேள்வியையும் அவள் எதிர்பார்த்தே வந்திருந்தாள். "சுத்தியல்ல அப்படி மூணு தடவை ஓடியிருக்காங்க கோச். வேலியில ஒரே ஓட்டமா யாரும் ஓடல. ஆனா நாலு நாலு கெஜமா நகர்ந்து நகர்ந்து இருபத்தி ரெண்டு தடவை எல்லையத் தொட்டிருக்காங்க. எத்தனை தடவைக்கு எத்தனைன்னு வகுத்துப் பார்த்தாலும் சுத்தியல்தான் கம்மி. அந்த மூணுல கூட்டம் மொத்தமா அலறுச்சு, அதனால உங்களுக்கு ஞாபகம் இருக்கு. இருபத்தி ரெண்டுல யாரும் அலறல."

ஃபால்க் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருவத்தி ஆறு வருஷமா நான் சத்தத்தக் கேட்டுத்தான் ஆடிட்டிருந்தேனா?" என்றார்.

அந்தப் பருவத்தில் கோர்மன் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்றது. ஆட்டத்துக்கு ஆறேழு முறை ஆடிய சுத்தியலைப் பதினாறு, பதினெட்டு முறை ஆடினார்கள். கொரினும் பயிற்சிக் குழுவில் ஒருத்தியாகி, பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில், அறிவிப்பாளர் உட்காரும் பலகைக் கூண்டில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டு பள்ளியை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பைக் ரன் பள்ளியோடு இணைக்கப்போகிறார்கள். கோர்மன் என்ற பெயரில் இதுவே கடைசிப் பருவம். அதனால் ஒவ்வொரு வெற்றியும் ஊருக்கு இரண்டு மடங்காகத் தெரிந்தது. காலையில் சாப்பிடப் போகிற உணவகத்தில் பரிமாறுகிற பெண் அவளைக் 'கணக்கு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "கணக்குக்கு இன்னொரு முட்டை போடு, இந்த வாரமும் ஜெயிக்கணும்ல!" பட்டம் வாங்கியதிலிருந்து அவளைப் பிடித்திருந்த அந்தக் கேள்வி, பால் எடுக்கும் நேரத்துக் கேள்வி, அந்த இரண்டு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

தலைக்கவசத்தில் ஒட்டுகிற வில்லை அவளுடைய யோசனைதான். நன்றாக ஆடியவர்களின் கவசத்தில் ஏதாவது ஒட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். சுத்தியலில் எறிபவனைப் போய் இடித்தவனுக்கு, இடிக்கு ஒன்றாகச் சின்னச் சுத்தியல் வடிவத்தில் வெள்ளை வில்லை ஒட்டலாம் என்றாள் கொரின். பையன்களே எண்ணிக்கொள்வார்கள், போட்டியும் இருக்கும். ஃபால்க்கின் மனைவி வெட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை பயிற்சிக்கு முன்பு பெயர் வாசித்து ஒட்டுவார்கள். அதிகம் ஒட்டிக்கொண்டவன் நாற்பத்து நாலாம் எண்காரன், ரீஸ் கொவால். பதினேழு வயது. அவன் கவசத்தின் கறுப்பு நிறமே மறைந்துபோகும் அளவுக்கு வெள்ளை.

ரீஸ் அவளுடைய முதல் மணி வகுப்பில் மாணவன். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, விடாப்பிடிக்காரன். விடை வராவிட்டால் பலகைக்கே வந்து நின்றுகொள்வான். "மிஸ், அந்த x என்ன எங்க ஏமாத்துதுன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." அவன் அம்மா டானெல் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். விளையாட்டில் ஏதாவது கல்லூரி கூப்பிட்டால் அவன் போவான். இல்லாவிட்டால் அவனும் சிலிண்டர் கிடங்குக்குத்தான். அவன் வீட்டிலும் கல்லூரிப் படியேறியவர் யாரும் இல்லை. கொரினுக்கு அவன்மேல் தனி அக்கறை இருந்தது அதனால்தான்.

எட்டாவது ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, ரீஸ் ஜன்னலோரத்து இடத்தை விட்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போனான்.

"என்ன ரீஸ், இடம் மாறிட்ட?"

"வெளிச்சம் மிஸ். கண்ணக் குத்துது."

வகுப்பு நடப்பை எழுதுகிற நாட்குறிப்பில் அவள் எழுதினாள்: ரீஸ், ஜன்னல். செவ்வாய்க்கிழமை: ரீஸ், தலை மேசையில். புதன்: முதல் நாள் அவனே போட்டுக்காட்டிய கணக்கு, இன்று தெரியவில்லை. வியாழன்: பேனா இரண்டு முறை கீழே விழுந்தது.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆகஸ்டில் பயிற்சிக் குழுவினர் அனைவரும் தலைக்காயம் பற்றிய வீடியோ பார்த்துத் தேர்வு எழுத வேண்டும். அவள் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள். அறிகுறி தெரிந்தால் அன்றே வெளியே உட்கார வைக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப ஆடலாம். வெள்ளிக்கிழமை வகுப்பு விட்டதும் அவனை நிறுத்தினாள்.

"தலை வலிக்குதா?"

"இல்ல மிஸ்."

"பொய் சொல்லாத."

"வலிக்குது, ஆனா வலிக்கல." அவன் சிரிக்கப் பார்த்தான். "மிஸ், இன்னும் ரெண்டு ஆட்டம்தான். பத்தாவது ஆட்டத்துக்கு டொலீடோ காலேஜ்லேர்ந்து ஒரு கோச் வர்றார், என்னப் பாக்க. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கே தெரியும்ல, இந்த ஊரவிட்டுப் போறது எவ்ளோ கஷ்டம்னு."

கொரின் அவன் பையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் ஒன்பதாவது ஆட்டத்தை கோர்மன் தட்டுத் தடுமாறி வென்றது. சுத்தியல் இரண்டு முறை படுமோசமாகத் தவறியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியறையில், சுத்தியல் தவறிய அந்த இரண்டு இடங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இரண்டிலும் நாற்பத்து நாலு களத்தில் இல்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நோட்டில் அவள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். யார் களத்தில் இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. பருவத்தின் வீடியோவை முதலிலிருந்து போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் நாற்பத்து நாலு உண்டு, இல்லை என்று குறிக்க ஆரம்பித்தாள். முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

இந்தப் பருவத்தில் சுத்தியல் மொத்தம் நூற்றைம்பத்தெட்டு. சராசரி மூன்று கெஜம். அதில் ரீஸ் களத்தில் இருந்தது நூற்று முப்பத்தொன்று. சராசரி ஒன்று புள்ளி ஒன்பது. அவன் இல்லாதது இருபத்தேழு. சராசரி எட்டு புள்ளி நான்கு. வேலியோ அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே ஐந்தரை.

பென்சிலைக் கீழே வைத்தாள். சுத்தியல் வேலியைவிட நல்ல உத்தி இல்லை. மோசமான உத்தி. போன வருடமும் இந்த வருடமும் அதை நல்லதாகக் காட்டியது ஒரு பையனின் தலையும் தோளும். அவள் கணக்குப் போட்டது உத்தியை அல்ல, அவனை. அந்தக் கணக்கைக் காட்டித்தான் ஏழு முறையைப் பதினெட்டு முறையாக்கியிருந்தாள்.

கீழே அப்பா முட்டைக்கோஸையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் வதக்கி, மூடி வைத்துக் காத்திருந்தார். யூஜினும் அந்தக் காலத்தில் கோர்மன் அணிக்கு ஆடியவர், ரீஸ் ஆடும் அதே இடத்தில்.

"அப்பா, நீங்க ஆடும்போது தலையில அடிபட்டிருக்கா?"

"காதுக்குள்ள மணி அடிக்கும். ரெண்டு ஆட்டத்துக்கு ஒருதடவ அடிக்கும்." அவர் தட்டில் போட்டுக் கொடுத்தார். "அதுக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

பதினொரு வருடமாக ஒரே வழியில் பேருந்து ஓட்டுகிறார். ஆனாலும் எந்தத் தெருவுக்குப் பின் எந்தத் தெரு என்று எழுதிய அட்டை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பற்றி அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை ஃபால்க்கைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு தாள்தான் இருந்தது. போகும் வழியெல்லாம் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் ஒன்றுதான் வாயில் வந்தது.

"கோச், சனிக்கிழமை வேலியே ஆடலாம். என் கணக்கு தப்பு."

அவர் தாளைப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார். "அப்போ சுத்தியல்னா ரீஸ்."

"ஆமா."

"ரீஸ் இருக்கானே."

"ஒரே ஆள நம்பி இத்தனை தடவை ஆடக் கூடாது. அவன் களைச்சுப் போயிட்டான். கடைசி ரெண்டு ஆட்டத்துல அவன் இருக்கும்போதே மூணு புள்ளி ஆறு போயிருக்கு."

"களைப்புதானா?"

அவர் நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வேண்டுதல் இருந்ததுபோல அவளுக்குப் பட்டது. மேலே ஏதாவது சொன்னால் தெரிந்துகொண்டவராகி விடுவார். தெரிந்துகொண்டால் செய்தாக வேண்டும்.

"களைப்பு மாதிரி இருக்கு கோச்," என்றாள் கொரின்.

"சரி. வேலியே ஆடுவோம். ரொம்ப முடியாமப் போனாதான் சுத்தியல்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "தப்பத் தானே வந்து சொன்ன பாரு, அது பெரிய விஷயம்."

வெளியே வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. பையனைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றியும் ஆயிற்று, எண்ணே எல்லாவற்றையும் செய்துவிட்டது. ஆனால் அந்த இலேசு வெள்ளிக்கிழமைவரைதான் தாங்கியது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அணிக்கு விருந்து. மற்ற பையன்கள் ஸ்பகெட்டியை மலைமலையாகப் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ரீஸ், கோட்டுகள் தொங்கும் மூலையில், விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தட்டில் ஒரு ரொட்டித்துண்டு. அவளைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நாட்குறிப்பில் அது ஒன்பதாவது வரியானது.

சனிக்கிழமை மழை விட்டுக் குளிர் இறங்கியிருந்தது. எதிரணி பைக் ரன். ஜெயித்தால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு மாநிலச் சுற்று. ஃபால்க் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆட்டத்தின் முதல் மூன்று கால்பகுதியும் வேலிதான். பைக் ரன் நான்கு நான்கு கெஜமாக நகர்ந்தது, கூட்டம் முணுமுணுத்தது. "வேலியப் பிடுங்கி அடுப்புல வைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். ரீஸ் பாயாமல் பின்னால் நின்று காத்தான். கூண்டிலிருந்து பார்த்த கொரின், பந்து நின்ற ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு விட்டாள்.

நாற்பது விநாடி மிச்சம். கோர்மன் இருபது, பைக் ரன் பதினாறு. பந்து பைக் ரன்னிடம், எல்லைக்கு மூன்று கெஜத்தில். அவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. ஃபால்க் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டார். ஹெட்செட்டில் அவர் குரல் கரகரத்தது.

"ஹூடாக், மூணு கெஜமோ அதுக்குக் கம்மியோ தேவைங்கிறப்போ, வேலி எத்தன தடவ நிறுத்தியிருக்கு?"

நோட்டில் அந்தப் பக்கம் விரித்தேதான் இருந்தது. "இருபத்தி ஆறுல பத்து."

"சுத்தியல்? நாப்பத்தி நாலோட?"

கீழே, அணி வட்டமாக நின்ற இடத்தில், ரீஸ் கவசத்தைக் கழற்றாமல் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்திருந்தான். வெள்ளையாகத் தெரிந்தது அவன் தலை ஒன்றுதான்.

அவள் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் சின்னது. அவனை வெளியே எடுங்க. நான்கு சொல்கூட இல்லை. ஆனால் அது கேட்கப்படவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தாளில் இருந்தது, சரியான விடை.

"இருபத்தி ரெண்டுல பதினேழு," என்றாள்.

"சுத்தியல்!" என்று ஃபால்க் கத்தியது ஹெட்செட்டிலும் திறந்த வெளியிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

பந்து நகர்ந்தது. ரீஸ் இரண்டு பேருக்கு நடுவே தலையைக் குனிந்து புகுந்தான். எறிபவன் திரும்பினான், அவன் இடுப்பு எலும்பில் நாற்பத்து நாலின் கவசம் மோதிய சத்தம் கூண்டுவரை வந்தது. எறிபவன் பின்னால் விழுந்தான். பந்து சேற்றில் உருண்டது. ஊர் முழுவதும் எழுந்து நின்றது. அறிவிப்பாளர் கொரினைக் கட்டிப்பிடித்தார். "பதினெட்டு!" என்று கத்தினார். "இருபத்தி மூணுல பதினெட்டுன்னு எழுதும்மா!"

ரீஸ் எழுந்தான். கையை உயர்த்தினான். பிறகு நடந்துபோய் பைக் ரன் அணியின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

முதலில் அந்தப் பையன்கள் சிரித்தார்கள், வம்புக்கு வந்திருக்கிறான் என்று. அப்புறம் அவர்களில் ஒருவன் கவசத்தைக் கழற்றிவிட்டு ரீஸுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, ஏதோ கேட்டான். இன்னொருவன் மருத்துவரைப் பார்த்துக் கை அசைத்தான். கோர்மன் பக்கம் இன்னும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைக் குறுக்கே கடந்து, கெட்டுப்போன முழங்காலோடு ஓடியது ஒரே ஒருவர். பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டுக் கம்பியோரம் நின்றிருந்த யூஜின்.

ரீஸ் ஒரு வாரம் பிட்ஸ்பர்கில் மருத்துவமனையில் இருந்தான். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. பழைய இடிகளும் இருக்கின்றன என்றார்கள். அவன் படுத்திருந்தபோதே மாநிலச் சுற்றின் முதல் ஆட்டத்தில் கோர்மன் நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. சுத்தியல் ஆடிய ஒவ்வொரு முறையும் எதிரணி ஓடியது. டொலீடோ பயிற்சியாளர் ரீஸுக்குப் பூங்கொத்து அனுப்பினார். அதோடு சரி.

கொரினை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உணவகத்தில் அந்தப் பெண், "விளையாட்டுன்னா இதெல்லாம் இருக்கும்மா, நீ மனசுல வெச்சுக்காத கணக்கு," என்று முட்டையோடு கேக்கும் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எண் தப்பாகிவிட்டதா என்று இரவில் படுக்கையில் அவள் சரிபார்ப்பாள். தப்பில்லை. இருபத்திரண்டில் பதினேழு என்பது இன்றைக்கும் இருபத்திரண்டில் பதினேழுதான்.

நவம்பர் கடைசியில் பயிற்சிக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் வந்தது. மாணவரிடம் முன்னரே அறிகுறி எதையேனும் கவனித்தீர்களா? ஆம், இல்லை. ஆம் எனில் தேதிகள். ஸ்கிப் அவள் வகுப்பறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"நாங்க எல்லாரும் 'இல்ல'ன்னு போட்டுட்டோம். நீயும் போட்டுரு. ஃபால்க் இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. அந்த ஆள நீ..."

"எனக்குத் தெரியும் ஸ்கிப்."

"என்ன தெரியும்?"

"அவனுக்கு அடிபட்டிருந்தது. தெரியும்."

ஸ்கிப் அவளையே பார்த்தான். "தெரிஞ்சுமா பதினேழுன்னு சொன்ன?"

அந்த ஊரில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அவள் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, நாட்குறிப்பைத் திறந்து, ஒன்பது தேதிகளையும் ஒன்பது வரிகளையும் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். கேட்டதற்கு மேலாக, ஃபால்க்கிடம் களைப்பு என்று சொன்னதையும், ஹெட்செட்டில் சொன்னதையும், சொல்லாததையும் எழுதினாள். கீழே கோடு போடவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் ஃபால்க் விலகிக்கொண்டார். கொரினுக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. பயிற்சிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பள்ளிகள் இணையும்போது அவளுக்கு இடம் இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. உணவகத்தில் காபி வந்தது, பேச்சு வரவில்லை. அப்பாவின் பேருந்தில் ஏறும் பெரிய பையன்கள் அவருக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சத்தமில்லாம ஓட்டுறதும் நல்லாத்தாம்மா இருக்கு."

ஜனவரியில் ஒரு மாலை டானெல் கொவால் வகுப்பறைக்கு வந்தாள். முதியோர் இல்லத்துச் சீருடை, தோளில் ஒரு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து ரீஸின் கவசத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல அறுபத்தெட்டு இருக்கு," என்றாள். "உக்காந்து எண்ணுனேன். ஒவ்வொன்னும் ஒரு இடியா?"

"ஆமா."

"இத ஒட்டணும்னு யோசன சொன்னது நீங்கதானாமே?"

"நான்தான்."

டானெல் ஒரு வில்லையின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். வரவில்லை. "நீங்க படிவத்துல எழுதின அந்த ஜன்னல் திங்கக்கிழமையே எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா, எம் பையன் இப்ப எப்படி இருப்பான்? நீங்க கணக்குப் போடுறவங்களாச்சே, சொல்லுங்க."

எத்தனை இடி திங்கட்கிழமைக்கு முன், எத்தனை பின் என்ற கணக்கு கொரினிடம் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"தெரியல டானெல். தெரியவே தெரியாது. ஃபோன் பண்ணியிருக்கணும்."

"ம்." டானெல் கவசத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "அடுத்த மாசத்துலேர்ந்து அரைநாள் வருவான். உங்க வகுப்பு வேணாம்னு நான் சொன்னேன். அவன்தான் கேக்கல."

பிப்ரவரியில் ரீஸ் வந்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த கறுப்புக் கண்ணாடி, மெலிந்த கழுத்து. கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கொரின் அவன் வருவதற்கு முன்பே ஜன்னல்களின் திரைகளை இழுத்துவிட்டிருந்தாள். இரண்டு நாள் அவனை எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கையைத் தூக்கினான்.

"எனக்கும் ஒன்னு குடுங்க மிஸ்."

"மூணு x கூட்டல் ஐந்து, சமம் இருபது. x என்ன?"

போன செப்டம்பரில் இதை அவன் வாயாலேயே சொல்லியிருப்பான். இப்போது பென்சிலை எடுத்தான். வைத்தான். எடுத்தான். வகுப்பில் யாரும் கிசுகிசுக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி விடையை உதட்டால் காட்டப்போய், கொரின் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தின் முள் இரண்டு முறை நகர்ந்தது.

"மிஸ்," என்றான் ரீஸ், "கேள்விய இன்னொரு தடவ சொல்றீங்களா?"

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.